கல்லறை இல்லாத சபை

எங்கள் சபை கோழிப்பண்ணையில் பிறந்தது. வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பிய ஒருவர் வேதபாடம் படித்து பாஸ்டரானார். அவருடைய மைத்துனர் நஷ்டப்பட்டு மூடிய பிராய்லர் ஷெட்டைக் கழுவிக் கொடுத்தார். எவ்வளவு கழுவியும் மழை நாளில் வாசனை திரும்பி வரும். நாங்கள் முன்பு இருந்த பழைய சபைக்காரர்கள் எங்களைக் கோழிச்சபை என்றார்கள். பாஸ்டர் அதற்காக உபவாசம் இருந்தார். எனக்கென்னவோ பெயர் பொருத்தமாகத்தான் பட்டது.

அம்மா அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைப்பவர். முழங்கால் வலிக்கு ஜெபிக்கப் போனார். வலி போகவில்லை. ஆனால் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. பழைய சபையில் பெண்களுக்குப் பாய்தான். பிரசங்கம் முடிந்து எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். அம்மா நாற்காலிக்காக நாலு வாரம் போய், அப்புறம் நிஜமாகவே விசுவாசித்துவிட்டார். கூடப் போன நான் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி பார்த்தவன் என்பதால் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

எங்களுடையது பாப்டிஸ்ட் சபை; குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் என்று நெற்றியில் தெளித்த தண்ணீர் அங்கே கணக்கில் சேராது. வளர்ந்தபின், அறிந்து, முழுசாக முங்க வேண்டும். எங்களிடம் தொட்டி கிடையாது, அணைத் தண்ணீர் ஓடும் சானல்தான். பேச்சிப்பாறை அணையை அடைத்துவிட்டால் சானலில் எருமைகூட நனையாது. ஆகவே வேனலில் மனந்திரும்பியவர்கள் ஜூன் மாதம்வரை காத்திருக்க வேண்டும். அம்மா மாசியிலேயே மனந்திரும்பிவிட்டார்.

சிக்கல் அப்பாவால் வந்தது. அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். கோயிலுக்குப் போவது கிறிஸ்துமசுக்கு மட்டும்; ஆனால் பழைய சபையின் வருடச் சந்தாவை ஒருமுறைகூட விட்டதில்லை. எல்லாம் கல்லறைத் தோட்டத்துக்காக. முழுக்கு எடுத்தவர்களின் பெயரைப் பழைய சபையில் வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டினால் அங்கே குழி கிடையாது. சொந்தமாக ரப்பர் தோட்டமுள்ளவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்துக்கொள்வார்கள். எங்களுக்கிருந்தது மூன்று சென்ட். உயிரோடிருப்பவர்களுக்கே அது பற்றாது.

"ஏட்டி, நீ அங்க முங்கிப்போட்டு வந்தா, செத்தம் பொறவு நான் அங்க ஒத்தைக்குக் கெடக்கணுமா?" என்று கேட்டார் அப்பா.

"உயிரோட இருக்கச்ச பக்கத்துல இருந்து என்னத்தக் கண்டீரு?" என்றார் அம்மா.

அதற்குமேல் அப்பா அவரோடு வாதாடவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"லேய் மக்கா, நீ படிச்சவனாக்கும். ஒரு கை மட்டும் வெள்ளத்துக்கு வெளிய நின்னா அது முழுக்கா?"

"இல்லப்பா. முழுசா முங்கணும். அதான் முறை."

"அப்ப சரி," என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

சானலில் தண்ணீர் விட்ட ஞாயிற்றுக்கிழமை அப்பா உட்பட எல்லோரும் கரையில் கூடினோம். பாலத்தின்மேல் பழைய சபையின் செயலாளர் பைக்கை நிறுத்தி, யார் யார் முங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முறை வந்தது. பாஸ்டர் மெலிந்த ஆள். கிரேன் இல்லாமல் அவர் தூக்கிய முதல் பெரிய பாரம் அம்மாவாகத்தான் இருக்கும். நாமம் சொல்லி மல்லாக்கச் சாய்த்தார். அம்மா முழுவதும் உள்ளே போனார், வலது கையைத் தவிர. அது பஸ்ஸை நிறுத்துவதுபோல் மேலே நின்றது.

"சிஸ்டர், கையையும் உள்ள இடணும்," என்று பாஸ்டர் மறுபடி சாய்த்தார். மறுபடியும் கை நின்றது. மூன்றாவது தடவை அவரே கையைப் பிடித்து அமுக்க, கால் வெளியே வந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

அம்மாவுக்குப் பொய் வராது. "எனக்க வீட்டுக்காரரு சொன்னதாக்கும் பாஸ்டர். கை நனையாட்டா முழுக்கு ஆவாதாம். பேரை வெட்ட முடியாதாம்."

கரையில் பெண்கள் சிரித்த சிரிப்பில் பாட்டு நின்றது. நான் செயலாளர், சட்டத்தை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான், குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அசரவில்லை. பாலத்தை நிமிர்ந்து பார்த்து, "செயலாளரே, கண்டீரா? கை நனையல்ல. சாட்சி நீருதான்," என்றார்.

"கை வெளிய நின்னாலும் பேரு வெட்டுதான்," என்றது பாலம். "சானல்ல எறங்குனதே போதும்."

அம்மா தண்ணீரில் நின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பின்ன கையை மட்டும் காயப்போட்டு என்ன பிரயோசனம்?" என்று சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே முங்கினார். பாஸ்டர் அவசரமாக முதுகில் கைவைத்து, பிதா குமாரன் வரை வந்து, பரிசுத்த ஆவியை அம்மா எழுந்தபின்தான் சொல்லி முடித்தார்.

அப்பா படிக்கட்டில் இறங்கி வந்தார். "பாஸ்டரே, இவ செத்தா எங்க வைப்பீரு?"

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு பிரதர்."

"கர்த்தருக்கு இந்த ஊருல எத்தர சென்ட் கெடக்கு?"

இடுப்பளவு தண்ணீரில் நின்ற பாஸ்டர் அடுத்த ஆளை இறங்கச் சொல்லிக் கைகாட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா எங்கள் ஆராதனைக்கு வர ஆரம்பித்தார். வாசலோரத்து நாற்காலியில் உட்காருவார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "கல்லறை என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு உட்காருவார். வளைகுடாவிலிருந்து வரும் காணிக்கையில் ஸ்பீக்கரும் மேடையும் வாங்குவதாகப் பேச்சு இருந்தது. அந்த ஒரு கேள்வியை வாராவாரம் கேட்டு மேடையை விழுத்தாட்டிவிட்டார். ஷெட்டுக்குத் தளம் போடும் முன்பே சபை கல்லறைக்கென்று ஒரு பாறைக்காட்டு நிலத்தை வாங்கியது. அனுமதிக்கு நான் மனு எழுதி, கலெக்டர் ஆபீசில் நின்று நின்று, தெருக்காரர்களிடம் வசவு வாங்கி, ஒருவழியாகக் கிடைத்தது.

பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. குழி போய்விடுமே என்று பயந்து பழைய சபையில் இருந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். பாஸ்டரின் பிரசங்கத்தால் வந்தவர்களைவிட எங்களுக்குக் கல்லறையால் வந்தவர்கள் அதிகம். இதை நான் ஆண்டறிக்கையில் எழுதினேன். பாஸ்டர் அந்த வரியை அடித்துவிட்டார்.

வேலி கட்டிய அன்று அப்பா முதல் ஆளாகப் போய், பாறை இல்லாத மூலையைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிரதர், முழுக்கு எடுத்தவியளுக்குத்தான் இங்க எடம். நீங்க இன்னும்..."

"செத்தா குளிப்பாட்டத்தானே செய்வீரு?" என்றார் அப்பா. "அன்னைக்கு ஒண்ணா முக்கி எடுத்திரும்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். அதற்கு எந்த வசனத்தைக் காட்டுவதென்று நான் யோசித்து முடிப்பதற்குள், அப்பா தனக்கும் அம்மாவுக்குமாக அந்த மூலையில் பக்கத்துப் பக்கத்தில் கம்பு நட்டுவிட்டார்.