தாய்மாமன் படம் போட்ட திராட்சை விளம்பரம்

சின்ன வியாபாரிகளுக்கு போனில் விளம்பரம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. என் அம்மா பக்கத்து வீட்டில், "மக கம்ப்யூட்டர்ல என்னமோ ஒட்டுறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு அவர்களும் எனக்காக வருத்தப்படுகிறார்கள்.

தேனியில் ஒரு பிளக்ஸ் கடையின் மாடியில் என் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நான், ஒரு மேஜை, அப்புறம் முருகேசன் அண்ணன். பதினைந்து வருஷம் கீழே பிளக்ஸ் டிசைன் செய்துவிட்டு, முட்டி வலியோடு மாடியேறி என்னிடம் வந்தவர். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் சக பாவிகளே, போன வருஷம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு விளம்பரம் போடப் போய் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். உங்கள் பாடு எவ்வளவோ தேவலை என்று நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

வாயைக் கொடுத்தேன்

காமயகவுண்டன்பட்டியில் பாண்டியம்மாள் அக்காவுக்கு அரை ஏக்கர் பன்னீர் திராட்சை. தோட்டத்துக்கு ஒரு போர்டு அடிக்க பிளக்ஸ் கடைக்கு வந்தவரை நான் மாடிக்கு இழுத்துப் பேசி, மறுநாளே தோட்டம் பார்க்கப் போய்விட்டேன். நான் போன நேரம் பார்த்து வியாபாரியும் வந்து நின்றார். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார், தோலைத் துப்பினார், ஒரு விலை சொன்னார். அந்த விலையில் மருந்துச் செலவும் வெட்டுக்கூலியும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. அக்காவின் வீட்டுக்காரர் தங்கராசு அண்ணன் தரையைப் பார்த்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "குடுக்காதீங்கக்கா, சாப்பிடுறவங்களுக்கே நேரா வித்துருவோம்" என்று சொல்லிவிட்டேன். வியாபாரி சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அவர் போன பிறகுதான் மெதுவாக விசாரித்தேன். பழுத்த பழம் கொடியில் பதினைந்து நாள், மிஞ்சிப்போனால் இருபது நாள் தாங்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் வெடித்துக் கொட்டிவிடும். வேண்டாம் என்று சொன்ன தோட்டத்துக்கு இந்தப் பக்கம் வேறு வியாபாரியும் சீக்கிரம் வரமாட்டார். வியாபாரியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அக்கா மட்டும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னார்:

"வியாபாரிய அனுப்பியாச்சு புள்ள. இனிமே இந்தத் தோட்டத்துக்கு நீதான் வியாபாரி."

இரண்டு சிங்கங்கள்

முதல் போஸ்டரை முருகேசன் அண்ணன் அன்றைக்கே முடித்துவிட்டார். நடுவில் திராட்சைக் குலை, அதன் தலையில் கிரீடம், பின்னால் மின்னல், ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம். திராட்சை தேர்தலில் நிற்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

பழம் மட்டும் போதும், பின்னால் வெள்ளையாக விடுங்கள் என்றேன். வெள்ளையாக இருந்தால் பாதி வேலையில் கரண்டு போய்விட்டது என்று காசு குடுக்கிற பார்ட்டி நினைக்கும் என்றார். திராட்சைக்கும் சிங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

"பதினஞ்சு வருசமா போடுறேன், சிங்கம் வேணாம்னு திருப்பிக் குடுத்த பார்ட்டி இன்னைய வரைக்கும் கிடையாது."

மலையின் முத்தம்

சிங்கத்தை விரட்டிவிட்டு வாசகம் எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் ஓடவில்லை. இந்தக் காலத்தில்தான் கேட்டால் எழுதித் தருகிற ஏஐ இருக்கிறதே. கம்பம் பள்ளத்தாக்கு, பன்னீர் திராட்சை, மனசைத் தொடுகிற மாதிரி ஒரு வரி என்று கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, "ஒவ்வொரு பழத்திலும் மலைகளின் முத்தம்" என்று கொடுத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. நானே எழுதின மாதிரி அக்காவுக்குப் போன் போட்டு, நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன்.

கடைசி வரை கேட்டுக்கொண்டார். பிறகு அக்கா, என் மனசு நோகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"முத்தம் வேணாம் புள்ள, எச்சிப் பழம்னு நெனச்சுருவாக."

தங்கராசு அண்ணன் நடித்தது

சரி, வீடியோ எடுப்போம் என்று தோட்டத்துக்குப் போனேன். தங்கராசு அண்ணன் எந்தப் பழம் எந்த நாளில் இனிக்கும், எத்தனை மருந்தடிப்பைக் குறைத்திருக்கிறார் என்று நடந்துகொண்டே அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். போனைத் தூக்கியதுதான் தாமதம், ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்தவர் மாதிரி கையைத் தொடையில் ஒட்டி நின்றுவிட்டார். ஏழு தடவை எடுத்தேன். ஏழிலும், "வணக்கம். இது திராட்சை" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.

அதையே, அக்கா பேரும் பழமும் போட்ட ஒரு போஸ்டரோடு சேர்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டேன். அது ஓடியது. நூற்றுக்கணக்கில் லைக், சிரிப்பு பொம்மை, இதயம். நான் குதித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க விற்றது ஆறே பெட்டி, அதில் ரெண்டு என் அம்மா வாங்கியது. ஒன்பது நாள் போய்விட்டது. சுருளி மலைப் பக்கம் மேகம் கூடும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கராசு அண்ணன் அக்காவின் போனை வாங்கி லைக் போட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"துபாய்ல இருந்து எட்டுப் பேரு நல்லாருக்குன்னு போட்டுருக்காக, அங்கனக்கு எந்த பஸ்ல ஏத்தி விடணும்?"

தாய்மாமன் கோபம்

பத்தாம் நாள் அடுத்த இடி. அக்காவின் அண்ணன் பெரியசாமியிடம் ஒரு மினி லாரி இருக்கிறது. பழத்தைத் தேனிக்குக் கொண்டுவர அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தோம். அவர் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னடா காரணம் என்று பார்த்தால், என் போஸ்டர். எங்கள் பக்கம் காதுகுத்தோ, சடங்கோ, புதுவீடு புகுவதோ, பிளக்ஸ் என்று ஒன்று வைத்தால் அதில் தாய்மாமன் படம் இருந்தாக வேண்டும். அக்கா பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன். "தங்கச்சி பேருல ஊரு பூராம் போட்டோ சுத்துது, எம் மூஞ்சி அங்கன இல்ல" என்று அவருக்கு மனத்தாங்கல்.

இது விசேஷம் இல்லை, வியாபாரம் என்று நேரில் போய் அரைமணி நேரம் விளக்கினேன். இன்ஸ்டாகிராம் என்றேன், டார்கெட் என்றேன். பொறுமையாகக் கேட்டார், காப்பித்தண்ணி கொடுத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, வெள்ளைச் சட்டையில் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்:

"நீங்க படிச்சவுக, எங்கன வைக்கணும்னு ஒங்களுக்கே தெரியும், மேல வைங்க."

தேதி இல்லாத பத்திரிகை

மாமன் படத்தைப் போட்டால் மாமன் மகன் படத்தைப் போட வேண்டும். அவனைப் போட்டால் சின்ன மாமன். அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு போட்டோ வந்து சேர்ந்தது. எனக்கு வெறுத்துப்போய், எப்படியோ போட்டுத் தொலையுங்கள் என்று முருகேசன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தலைவலி மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். அவர் ரொம்ப நாளாகக் கிடைக்காத சுதந்திரம் கிடைத்த சந்தோஷத்தில் பதினாறு பேரையும் வட்டம் வட்டமாக அடுக்கி, கீழே "அனைவரும் வருக" என்று தங்க எழுத்தில் போட்டு, அக்காவின் நம்பரையும் சேர்த்து வெளியே விட்டுவிட்டார். திராட்சை ஒரு மூலையில் பார்டர் டிசைன் மாதிரி இருந்தது.

பதினாறு பேரும் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் அக்காவுக்குப் போன் மேல் போன். சின்னமனூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பத்திரிகையில் தேதி விட்டுப்போச்சே, காதுகுத்து என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். இப்படியே முப்பது பேர். அக்கா முப்பது பேரிடமும் ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டார். நான் பதறிப்போய், விளம்பரம் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்:

"வாறேன்னு சொல்றவுகள வராதீகன்னு சொல்ற வாயா புள்ள இது?"

ஞாயிற்றுக்கிழமை

வந்தார்கள். குடும்பத்தோடு, பட்டுப்புடவையில், வேன் பிடித்து வந்தார்கள். போடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் பழத்தட்டோடு வந்தது. தட்டில் கடையில் வாங்கின திராட்சை இருந்ததைப் பார்த்து நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அதை முகம் மாறாமல் வாங்கி வைத்தார். ஒரு அண்டா தக்காளி சாதமும் கிண்டி வைத்திருந்தார்.

பெரியசாமி மாமா படத்தில் இருந்த அதே வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று கும்பிட்டார். விஷயம் என்ன என்று யாரும் கேட்குமுன்னே, "மொதல்ல பழம் சாப்பிடுங்க" என்று கொடிக்கடியில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் யார் காதைக் கேட்டார்கள்? பிள்ளைகள் கொடியிலேயே பிய்த்துத் தின்றன. பெண்கள் குலையைக் கன்னத்தோடு வைத்து செல்பி எடுத்தார்கள். விசேஷத்துக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆளுக்கொரு குலையைப் பையில் போட்டுக் கொடுத்தார் அக்கா. அதைத் தின்றுகொண்டே வேன் வரை போனவர்கள், சம்பந்தி வீட்டுக்கு ரெண்டு, மேனேஜருக்கு ஒன்று என்று திரும்பி வந்து பெட்டி கேட்டார்கள். வாத்தியார் மட்டும் கடைசி வரை நம்பவில்லை. பழப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அக்காவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்:

"காது எப்ப குத்துனாலும் சொல்லி விடுங்க, நான் வருவேன்."

மழைக்கு முன்னால்

திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் வண்டி தினமும் கிளம்பியது. வந்தவர்கள் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்து அவர்கள் தெரு, அவர்கள் ஆபீஸ் என்று ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை மழை கொட்டியபோது கொடியில் ரெண்டு வரிசைதான் பாக்கி. அது வெடித்து ஆட்டுக்குப் போனது. மற்றதெல்லாம் வியாபாரி சொன்ன விலைக்கு இருமடங்காகப் போயிருந்தது.

வெறும் இலையாக நின்ற தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, அழுதேன். ஒரு குடும்பத்தின் வருஷத்து உழைப்பை என் வாயால் கெடுத்துவிட்டேனோ என்று இருபது நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என் தலையில் தட்டி, மூக்கைச் சிந்தச் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைக் கொடுத்தார்:

"அடுத்த காய்ப்புக்கு எங்க வீட்டுக்காரரு பக்கத்து ஆளுக படத்தப் போட்டுரு, இப்பவே மூஞ்சியத் தூக்கி வச்சுருக்காக."

ட்ரெண்டு, ரீச், டார்கெட் என்று இத்தனை வருஷம் பார்த்துக் கண் பூத்துப்போன நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எங்கள் பக்கம் சரக்கு விற்க வேண்டுமானால், முதலில் சொந்தக்காரர்களின் வருத்தத்தை விற்றுத் தீர்க்க வேண்டும்.