புல்லு முளைக்கிற பாய்

“...மிளகாய் காயப்போடுற பாய் இல்லை அக்கா, இது புல்லு முளைக்கிற பாய்! எடுங்கோ, எடுங்கோ!”

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் தோட்டக்காரர் கத்தியபோது, என் மோர்மிளகாய் முழுவதும் அதன்மேல் பரவியிருந்தது. புல்தரையின் நடுவில் மொட்டையாய்க் கிடந்த இடத்தில், விதை பொதிந்த தேங்காய்த் தும்புப் பாயை அன்றுதான் விரித்திருந்தார். புல் வந்தபின் பாய் தானாகவே மக்கிவிடுமாம். “முளைக்காட்டி வேலையை விட்டுட்டுப் போறன்” என்று தொடர்மாடிச் சங்கச் செயலாளரிடம் சவால் வேறு. நானோ அதில் மிளகாயோடு உப்பையும் கொட்டியிருக்கிறேன்!

கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் தோட்டக்காரர். லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, விரிக்காமல் எங்கும் உட்காரமாட்டார். அந்த லேஞ்சியில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்கக் காகம் விரட்டினார். செய்த பிழைக்கு நான் காலையும் மாலையும் வாளியோடு இறங்கித் தண்ணீர் தெளித்தேன்.

“மெதுவா அக்கா! விதையைக் குளிப்பாட்ட வேண்டாம், முகம் கழுவிவிட்டாப் போதும்.”

பத்தாம் நாள் கீழேயிருந்து “அக்கோய்!” என்று ஒரே கூச்சல். ஓடினேன். பாயெல்லாம் பச்சை ஊசிகள்.

“உங்கட மிளகாய் கிடந்த மூலையைப் பாருங்கோ, அங்கயும் வந்திட்டுது!” என்றவர், லேஞ்சியைத் தேடவேயில்லை. வெள்ளைச் சட்டையோடு பக்கத்துப் பழைய புல்லில் விழுந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை உருண்டார்.