விமானத்தில் வந்த கருவாட்டு மணம்

என் அக்கா மகள் மதுஷிகா பேசாலையில் பிறந்தவள். தகப்பன் கிறகரி கடலுக்குப் போகிறவர். தாய், அதாவது என் அக்கா றஞ்சிதம், கடற்கரை வாடியில் மீன் வெட்டிக் காயப்போடுகிறவள். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு பணக்காரரின் சொந்தப் பிளேனில் தேத்தண்ணீர் பரிமாறப் போனாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? நாவூறு கழிக்க மிளகாய் போதவில்லை. அழகு இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, நடை இருக்கிறது. எல்லாம் இருந்தும் ஒரு பைத்தியம் மட்டும் அவளை விடவில்லை. தன்மேல் மீன் மணக்கிறதாம்.

கான்வென்ற் விடுதியில் பிடித்த பைத்தியம் அது. அங்கே ஒருத்தி இவளுடைய பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினாளாம். அன்றிலிருந்து லீவில் வந்தால் வாடிப் பக்கம் எட்டியும் பாராள். ஒவ்வொரு முறையும் தாய் கட்டிக் கொடுக்கும் கருவாட்டுப் பொதியை வேண்டா வெறுப்பாக வாங்கிப் போவாள். "இந்த நாத்தத்தை இனி என்னட்டத் தராதைங்கோ" என்று ஒருநாள் தாயைப் பேசியே விட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தால் இரண்டு கொடுத்திருப்பேன். அக்கா பொறுமைசாலி.

அந்தப் பிளேனில்தான் போன மாதம் புகை கிளம்பியது. கொழும்பிலிருந்து மாலைதீவுக்குப் போகிற வழி, கீழே கடல் மட்டும். சமையல் அலுமாரிக்குப் பின்னாலிருந்து கறுப்புப் புகை வந்து, பைலட் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவதற்குள் உள்ளே ஆளை ஆள் தெரியவில்லையாம். மாதா காப்பாற்றினாள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மதுஷிகா பேயறைந்தவள் போலத்தான் இருந்தாள். விசாரணையில் பிழை அவள் தலையில் விழுந்தால் இனி எந்தப் பிளேனிலும் ஏற விடமாட்டார்கள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

விசாரணை அதிகாரி அப்துல் றசாக் வீடு தேடி வந்தார். எங்கள் மாவட்டத்திலேயே முசலிப் பக்கத்து ஆள், வேலை கொழும்பில். அங்கே விசாரணைக் கந்தோரில் அவள் அழுதுகொண்டே இருந்தபடியால் மிச்சத்தை வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்று வந்தாராம். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அக்கா தேத்தண்ணீர் வைக்கப் போனாள்.

"தங்கச்சி, புகை வர முன்னம் ஏதும் மணம் வந்ததோ?"

"இல்லை சேர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. மீன் மணம் வந்தது எண்டும், நீங்கள் சென்ற் அடிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள் எண்டும் பிளேனில வந்த ஐயா சொல்லுறார்."

அவளுக்கு முகம் சிவந்து போயிற்று. என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"அதுக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை சேர். அது என்ர பை. ஊரிலயிருந்து வந்த கையோட பிளேனில ஏறினனான். அம்மா தந்த கருவாட்டுப் பொதி சமையல் அலுமாரியில இருந்தது. மணக்கத் தொடங்கினோடன எனக்கு உயிரே போட்டுது. இன்னொரு பையுக்க வைச்சுக் கட்டினன், சென்ற் அடிச்சன். அப்பவும் மணம் கூடிக் கூடித்தான் வந்தது. ஆரும் கேட்டிடுவினம் எண்ட பயத்தில வெளியில வராமல் அங்கயே நிண்டனான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டு வார்த்தை பேசத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் இந்தமுறை கருவாடு வைக்கேல்லையே, பிள்ளை."

"என்னம்மா சொல்லுறியள்?"

"நீ வேண்டாம் எண்டு பேசினாய்தானே. பனங்கட்டியும் ஒடியல் மாவும்தான் வைச்சனான்."

மதுஷிகா அந்தப் பொதியைப் பிரித்தே பார்க்கவில்லை. பிளேன் இறங்கியதும் பைகளையெல்லாம் விசாரணைக்கு எடுத்துவிட்டார்கள். றசாக் தலையை ஆட்டினார்.

"ஓம் தங்கச்சி, நாங்கள் திறந்து பாத்தனாங்கள். அம்மா சொல்லுறது சரி."

"அப்ப எனக்கு மணந்தது என்ன சேர்?"

"அந்த அலுமாரிச் சுவருக்குப் பின்னால வயர் இணைப்பு ஒண்டு சூடாகிப் பிளாஸ்டிக் உருகியிருக்கு. சில பிளாஸ்டிக் உருகேக்க அசல் மீன் மணம்தான் வரும். பிறகுதான் புகை. முதல் மணத்தோட பைலட்டுக்குச் சொல்லியிருந்தால், கரை கண்ணில தெரியேக்கயே பிளேன் திரும்பியிருக்கும்."

இவள் சென்ற் அடித்து மறைத்துக்கொண்டு நின்றது நெருப்பையா? அதுவும் கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மெல்லிய தகட்டுக்கு அந்தப் பக்கம். மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தபடி இருந்துவிட்டேன்.

"வித்தியாசமான மணம் எது வந்தாலும் உடன சொல்ல வேணும் எண்டு படிப்பிச்சவையெல்லோ?" என்று கேட்டார் றசாக்.

"ஓம் சேர். எனக்கு அது வித்தியாசமான மணம் இல்லையே."

அந்த மனுசன் பேனையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "ஆரில பிழை எண்டு நான் எழுதிறதில்லை, ஏன் நடந்தது எண்டுதான் எழுதுவன். ஆனா அந்தப் பிளேனை ஓட்டிற உங்கட கம்பனியும் அதை வாசிக்கும். மணந்தும் ஏன் சொல்லேல்லை எண்டதுக்கு உங்கட வாயாலயே ஒரு காரணம் வேணும்."

வேறு எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். தலைச்சுற்று என்று சொல்லலாம், வேலை மும்முரத்தில் மறந்துபோனேன் என்று சொல்லலாம். நான் கண்ணைக்கூடக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வெட்கம் எண்டு எழுதுங்கோ சேர். எங்கட வீட்டு மணம் எண்டு நினைச்சு வெட்கப்பட்டனான் எண்டு எழுதுங்கோ."

வேலை போயிற்று என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அக்கா வந்து மகளுக்கு முன்னால் குந்தினாள். மீன் வெட்டித் தழும்பேறிய கையை அவளுடைய மடியில் வைக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, கையைச் சீலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் வைக்கவில்லை.

"என்ர மணம் ஆருக்கும் தெரியக்கூடாது எண்டு," என்றாள் அக்கா, "அத்தினை பேரோடயும் சேந்து சாகவும் நிண்டனியோ, பிள்ளை?"