அடி அண்ணாமலைக்குச் சம்மதம் வாங்கப் போனது

திருச்சியிலிருந்து திருவண்ணாமலை இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் டீக்கு நின்றதையும் சேர்த்து ஐந்து மணி நேரப் பயணம். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. ஞாயிறு விடியற்காலை வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்ததுமே பாதி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நான் சாமி கும்பிட மட்டும் போகவில்லை, தூது போனேன்.

விஷயம் இதுதான். கல்லூரி விடுதியில் நான், கயல்விழி, ஜெனி, மும்தாஜ் நாலு பேரும் இரண்டு வருஷமாக ஒரே அறை. நாலு பேருக்கும் ஒரே இஸ்திரிப்பெட்டி. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற மூவரும் வகுப்புக்கு மட்டம். மூன்றாம் வருஷம் பிறந்தால் விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அலைந்து திரிந்து உறையூரில் ஒரு மாடி வீடு பிடித்தோம். வீட்டுக்கார அம்மா கறாராகச் சொன்னார்: "நாலு பேர்னா தரேன். மூணு பேர்னா வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆளுங்க காத்திருக்காங்க." கயலின் அப்பாதான் சுத்தமாகப் பிடி கொடுக்கவில்லை. பெரம்பலூரில் சித்தி வீடு இருக்கிறது, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வா என்றுவிட்டார். கயல் பஸ்ஸிலேயே வாழ வேண்டியதுதான். அவள் இல்லாத வீட்டில் எங்களுக்கும் சோறு இறங்காது.

நாலு பேரும் சேர்ந்து ஒரு தந்திரம் செய்திருந்தோம். அவரவர் வீட்டில், "மத்த மூணு வீட்லயும் ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிடுவது. உண்மையில் ஒரு வீட்டிலும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அப்பாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. பிறகு ஏன் என்னைத் தூது அனுப்பினார்கள் என்றால், திருநீறு பூசினால் நான் ரொம்ப நல்ல பெண்ணாகத் தெரிவேனாம். ஜெனியின் கண்டுபிடிப்பு அது.

திருக்கோவிலூர் தாண்டியதும் பக்கத்து இருக்கை அக்கா என் தோளைத் தட்டினார். "தோ பாரு, மலை தெரியுது." எட்டிப் பார்த்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்தவள் நான். எங்கள் ஊரில் மலை என்றால் ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். இங்கே சமவெளியின் நடுவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறது. பேருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் ஏதாவது ஒரு ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொண்டேன். தூதுக்கு இதுவும் உதவும் அல்லவா.

காலை பத்தரைக்கு இறங்கினேன். பௌர்ணமி என்பதால் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே இறக்கிவிட்டார்கள். அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற கிராமம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு கேக்கிய?"

"தெக்கத்திப் பொண்ணா? பௌர்ணமி அன்னைக்கு சுத்திக்கினு போவணும்மா, தூரம் ஜாஸ்தி. இன்னும் செத்த நேரம் போனா வண்டியே உள்ள வுட மாட்டாங்க. நூறு குடு, ஏறு."

ஏறினேன். வழி முழுக்க ஜனம். வெயில் ஏறுவதற்குள் சுற்றிவிட வேண்டும் என்று செருப்பில்லாமல் நடக்கிறவர்கள், நாமம் சொல்லிக்கொண்டே போகிறவர்கள், காது கேட்காத மாதிரி ஹெட்போன் மாட்டிய வெளிநாட்டுக்காரர், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். ஊருக்குள் நுழைந்ததும் கயல் ஓடி வந்தாள். விடுதியில் பார்த்த கயல் இல்லை இவள். முடியை அள்ளி முடிந்து, முழங்கைவரை மண்ணாக இருந்தாள்.

"அப்பா நல்ல மூடுல கீறாரு. நான் சொன்ன மாதிரியே பேசு. எதுவும் சொந்தமா பேசிடாத, இசக்கி" என்று காதைக் கடித்தாள்.

வீட்டுக்கு முன்னால் பாதையை ஒட்டி அவள் அம்மா பௌர்ணமிக்கென்று டீக்கடை போட்டிருந்தார். பக்கத்து வேப்பமர நிழலில் செடி செடியாகப் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைக் குவியல். ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கயலின் அப்பா ஏழுமலை, தலைப்பாகையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், "வாம்மா கண்ணு, சாப்டியா?" என்று கேட்டார். மனிதர் அவ்வளவு பிரியமாகக் கேட்டதில் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கயல் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பறந்துபோயிற்று. விவசாயியிடம் விவசாயம் பேசினால் பிடித்துப்போகும் என்று நானாகவே முடிவு செய்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"அப்பா, நீங்க கடலை போடுவியளா? கயல் சொல்லவே இல்லையே. எத்தன வருசமா கடலை போடுதிய?"

ஆய்ந்துகொண்டிருந்த கைகள் அத்தனையும் நின்றன. கயல் நெற்றியில் அறைந்துகொண்டாள், மண் அப்பிக்கொண்டது. அவள் அப்பா கூடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கடலையா? நாங்க எங்கம்மா கடலை போடறோம்? அது காலேஜ்ல பசங்களும் பொண்ணுங்களும் போடறதுன்னு இல்ல சொல்றாங்க."

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"ஐயோ இல்லப்பா, காலேஜ்ல நாங்க கடலையே போட மாட்டோம். கயல் சுத்தமா போட மாட்டா. ஜெனி மட்டுந்தான் எப்பவாவது, அதுவும் போன்ல."

பெண்கள் கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஒரு அக்கா செடியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, ஜெனின்னு ஒண்ணு கீதாம், போன்லயே வெள்ளாம பண்ணுதாம்" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். கயல்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், இந்தப் பக்கம் இதற்குப் பெயர் மணிலா. இல்லையென்றால் மல்லாட்டை. வயல்காட்டில் யாரும் கடலை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் கடலை போட்டால் மழை வேண்டும். இங்கே கடலை போட செல்போன் போதும்.

ஏழுமலை அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஜெனி, அது வூட்ல ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கப்பா."

"முஸ்லிம் பொண்ணு வூட்ல?"

"ஒத்துக்கிட்டாங்க."

"உங்க வூட்ல?"

சொல்லியிருப்பேன். சத்தியமாக அதே பொய்யைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டார். "அப்பா நம்பர் சொல்லு கண்ணு. அவரு சரின்னா எனக்கும் சரி. பெத்தவங்க பேசிக்கிறது தான முறை?"

கயல் என்னைப் பார்த்தாள், நான் மலையைப் பார்த்தேன். பிறகு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். "எங்க வீட்டுல இன்னும் கேக்கலப்பா." அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "தெரியும். நம்பரச் சொல்லு" என்றார். அந்த நிமிஷம் உறையூர் மாடி வீடு என் கண்ணெதிரே கைவிட்டுப் போவதுபோல் இருந்தது. கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார் வணக்கம். திருவண்ணாமலைலேர்ந்து கயல்விழி அப்பா பேசறேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளை நல்லபடியா வந்து சேந்துட்டாளா?"

"வந்துட்டுது சார். மழைலாம் எப்படி அங்க?"

"மழைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. காத்துலதான் வாழை பூரா சாஞ்சுட்டு. அங்கன எப்படி?"

"மழை கம்மி சார். மணிலா சுமாரா வந்துகீது."

இரண்டு பேரும் உர விலை, கூலி, பன்றித் தொல்லை என்று போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஏழுமலை அப்பா தொண்டையைச் செருமினார்.

"பொண்ணுங்க நாலும் வூடு எடுத்துத் தங்கறேன்னு கேக்குதுங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

பிறகு என் அப்பாவின் குரல், மெதுவாக. "ஏட்டி இசக்கி, பக்கத்துல நிக்கியா?"

"நிக்கேன்ப்பா."

"வீட்டுக்கு வா, பேசிக்கிடுதேன்." என்னிடம் அவ்வளவுதான். பிறகு அவரிடம் திரும்பினார். "நீங்க என்ன நெனைக்கிய அண்ணாச்சி? உங்க பிள்ளைய விட்டா நானும் விடுதேன்."

"இல்ல சார், நீங்க வுட்டா நானும் வுடறேன்."

"நீங்க மூத்தவுக, நீங்க சொல்லுங்க."

"நான் இன்னா சார் மூத்தவன், நீங்க சொல்லுங்க."

பந்தியில் முதலில் யார் உட்காருவது என்று இரண்டு பேர் மாற்றி மாற்றி உபசாரம் செய்வதுபோல் இது போய்க்கொண்டே இருந்தது. கிரிவலம் போகிற வழியில் டீக்கு நின்றவர்கள்கூட கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அப்போதுதான் கயலின் அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்து போனைப் பிடுங்கினார்.

"அண்ணா, நான் கயல் அம்மா. நீங்க சரின்னா அவரு சரின்றாரு. அவரு சரின்னா நீங்க சரின்றீங்க. அப்ப ரெண்டு பேரும் சரின்னு தான அர்த்தம்? இதுல இன்னும் இன்னா கீது? பொண்ணுங்க ஒண்ணா இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணு தொணை. டீ ஆறிப்போவுது, நான் வெக்கிறேன்."

வைத்துவிட்டார். ஏழுமலை அப்பா போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு, "சித்திக்கு நீயே சொல்லிடு" என்று கயலிடம் சொல்லிவிட்டுக் குவியலுக்குப் போனார். நானும் கயலும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் டீ கிளாஸ் ஒன்று உடைந்தது. அவள் அம்மா திட்டவில்லை, மீதி கிளாஸ்களைக் கழுவச் சொன்னார், அவ்வளவுதான். சாயங்காலம் வரை கிளாஸ் கழுவினோம். நடுவில், ஜெனி வீடும் மும்தாஜ் வீடும் பாக்கி இருக்கும்போதே, உறையூர் வீட்டுக்கார அம்மாவுக்கு நாலு பேர்தான் என்று சொல்லியாயிற்று.

நாலரை மணிக்குக் கிளம்பினேன். வண்டிகளை நிறுத்திவிட்டதால் நடந்துதான் ஊருக்குப் போக வேண்டும். கயலும் கூட வந்தாள். குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயிலில் படுத்து நெளிந்து வெளியே வந்தோம். எனக்கு இடுப்பு மாட்டிக்கொண்டது, பின்னால் இருந்த ஒரு அம்மா, "மூச்ச வுடு, வந்துருவ" என்று தள்ளிவிட்டார். எங்கள் ஊர் ஆற்றங்கரையில் சாயங்காலம் நாலு பேர்தான் இருப்பார்கள், எல்லோரும் தெரிந்த முகம். இங்கே லட்சம் பேர், ஒருவரும் தெரியாது. ஆனாலும் ஒரே பக்கமாக நடக்கிறதாலோ என்னவோ சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரியே இருந்தது. திரும்பிப் போக எனக்கு மனசே வரவில்லை.

பேருந்தில் ஏறியதும் ஜெனிக்குப் போன் போட்டேன்.

"என்னடி ஆச்சு, சீக்கிரம் சொல்லு" என்றாள்.

"உங்க அம்மாகிட்ட போய் இப்பவே சொல்லு. ரெண்டு வீட்டுல ஒத்துக்கிட்டாங்கன்னு."

"அதான் போன வாரமே மூணு வீட்லன்னு சொல்லிட்டேனே."

"அது சும்மா சொன்னது. இது நெசம். வேணும்னா கயல் அம்மா நம்பர் தரேன், உங்க அம்மாவப் பேசச் சொல்லு."