பாவாடையின் மார்பில் எழுதிய நட்சத்திரம்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் டாட்டூ கடை வைத்திருந்த தியரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கைவேலை மட்டும் படு சுத்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெர்னாரின் மகன். அப்பாவைப் போலப் பாரீசுக்குக் கப்பலேறாமல் இங்கேயே ஊசியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். அந்த வலது கைதான் அவனுக்குச் சோறு.

முதுகில் பச்சை குத்திக்கொண்ட ஒரு பிரெஞ்சுப் பேராசிரியை, போகும்போது அவனிடம் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாள். பழைய பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் ஆப்பு ஆப்பாக எழுதிவைத்த நட்சத்திரப் பெயர்கள். தியரிக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. நமக்கு மகம், அவர்களுக்கு ராஜா. நமக்குச் சித்திரை, அவர்களுக்கு உழவுசால். நம்முடைய மூலம் அவர்களுக்குத் தேளின் கொடுக்கு. ஆயிரமாயிரம் பேரை வெட்டிச் சாய்க்கும் ஆயுதம். பிறந்த நட்சத்திரத்தைச் சொன்னால் அதன் பாபிலோன் பெயரை மார்பில் எழுதிவிடுவான். ரவுடிகளுக்கும் அது பிடித்துப்போனதுதான் வினை.

தேங்காய்த்திட்டுக் கன்னியப்பனுக்கு மகம். ராஜா என்று எழுதிக்கொண்டதும் சட்டைப் பொத்தான் போடுவதையே விட்டுவிட்டான். அது பொறுக்காமல், அவனுக்கு ஆகாத இன்னொரு ரவுடி பாவாடை ஒரு நாள் கடைக்குள் வந்து நின்றான்.

"எனக்கு சித்திரைடா. இன்னா எழுதுவ?"

"உழவுசால்ணே. ஏர் ஓட்டுன கோடு. வெத போடற எடம்."

அறை விழுந்தது. தியரியின் உதடு மேசை விளிம்பில் மோதிக் கிழிந்தது.

"அவன் ராஜா, நான் ஏர் ஓட்டறவனா? ஆயிரம் பேரக் கொல்றாப்ல எழுதுடா."

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தியரி ஊசியை எடுத்தான். அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உழவுசால் என்றே அழகாக எழுதி முடித்து, "ஆயிரம் பேரக் கொல்றதுண்ணே" என்றான். புதுச்சேரியில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே திரிந்தான். அற்பச் சந்தோஷம்.

அடுத்த வாரம் பட்டப்பகலில் கன்னியப்பனின் ஆட்கள் அவனை வண்டியோடு மறித்துத் துறைமுகத்து ஐஸ் கொட்டகைக்கு இழுத்துப் போனார்கள். வலது கையை மீன் வெட்டும் கட்டையில் வைத்து அழுத்தினார்கள்.

"ராஜாவக் கொல்ற எழுத்துன்னு அந்தப் பாவாட ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான். இன்னாடா எழுதுன?" கன்னியப்பன் கத்தியை மணிக்கட்டில் வைத்தான். தோல் கிழிந்து ரத்தம் கட்டையில் ஓடியது.

"வெறும் உழவுசால்ணா! கோவத்துல அவர ஏமாத்திட்டேன்ணா!"

கன்னியப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். செல்போனை நீட்டி இன்னொரு முறை சொல்லச் சொன்னான். தியரி சொன்னான். கையை விட்டுவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரையே சுற்றிவிட்டது. ஏர் மாடு, ஏர் மாடு என்று பாவாடையின் தெருவிலேயே கூவினார்கள். மறுநாள் காலை மீன் ஏலத்தின் நடுவே அவன் அரிவாளோடு தனியாகப் பாய்ந்தான். கன்னியப்பன் பக்கம் ஆறு பேர் காத்திருந்தார்கள். கூடைகளுக்கு நடுவே தள்ளி வெட்டினார்கள். விழுந்தபிறகும் விடாமல் முகத்தில் கல்லைப் போட்டார்கள்.

முகம் இல்லாததால், மார்பு எழுத்தை வைத்து அடையாளம் காட்டச் சொல்லிப் போலீஸ் தியரியைப் பிணவறைக்கு அழைத்துப் போனது. மார்பில் நான்கு வெட்டு. எழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "நான் எழுதுனதுதான் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தான்.

வாசலில் பாவாடையின் அம்மா ஆயம்மா தரையில் கிடந்தாள். பாகூர்ப் பக்கம் நாற்று நடுகிறவள். வீடியோ எதையும் பார்த்திருக்கவில்லை. அவனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"நீதான் எழுதுனியாமே தம்பி. சட்டயக் கழட்டிக் காட்டுனாம்பா எம்புள்ள. பெரிய எழுத்துன்னான். இன்னா அது?"

பாவாடையிடம் சொன்னதையே இவளிடமும் சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். வாய் வரவில்லை.

"உழவுசாலும்மா. அவருகிட்ட பொய் சொல்லி எழுதுனேன். கைய வெட்ட வந்தாங்க, பயந்து சொல்லிட்டேன். ஊரே சிரிச்சுது. அதுக்குத்தாம்மா அவரு போனாரு."

ஆயம்மா அவனுடைய வலது கையை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தான். அவள் வாயில் வைத்துக் கடித்தாள். பல் எலும்பில் பட்டது. போலீஸ்காரர் ஓடிவந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க சார், அவங்கள விடுங்க" என்று அலறினான் தியரி. கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.