கையுறையில் தீப மை

அந்த மேட்ச் கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம் நடந்ததாக எங்கள் ஊரில் சிலர் சொல்கிறார்கள். அப்படி இருக்க வழியில்லை. மலை உச்சியில் தீபம் எரிந்து ஓய்ந்து, கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த கரியைச் சேர்த்துக் குழைத்து, மார்கழித் திருவாதிரையன்று நடராஜருக்குச் சாத்திய பிறகுதான் தீப மை பக்தர்கள் கைக்கு வரும். அன்று எங்களிடம் மை இருந்தது. ஆகவே அது திருவாதிரைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

நான் வேங்கிக்காலில் குடியிருக்கிறேன், அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. சென்னையில் தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று வந்த நாளிலிருந்து அதன் சொந்த மைதான ஆட்டங்களுக்குப் போய்வருகிறேன். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மட்டும் போவதில்லை. அன்று சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே ஒரு காலை ஊன்ற இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் காலை பஸ், செஞ்சி, திண்டிவனம், வண்டலூரில் மின்சார ரயில், பூங்கா நிலையத்தில் இறங்கி நடை. பெரும்பாலும் தனியாகத்தான். எங்கள் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்த அணியில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அடி அண்ணாமலையைச் சேர்ந்தவன், கோல்கீப்பர். இரண்டு சீசன் முழுக்க மாற்று ஆட்டக்காரர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை. நான் மேட்சுக்குப் போகிறவன் என்று யாரோ சொல்லி, கடையில் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

"சார், எம் புள்ளைய பாத்திருக்கீங்களா அங்க?"

"பாத்திருக்கேன். பெஞ்சுல இருப்பான்."

"அதத்தான் ஊரே கேக்குது சார். சம்பளம் வாங்கிகினு உக்காந்துகினே இருக்கானாமே, கவர்மென்ட் வேலையான்னு."

சொல்லிவிட்டு என் அலுவலகம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த மார்கழியில் முதல் கோல்கீப்பருக்குப் பயிற்சியில் விரல் உடைந்தது. எங்கள் பையன் ஞாயிற்றுக்கிழமை ஆடுவான் என்று முடிவானது. அந்த சீசனோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பதை, களத்தில் அவனைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அணி நிர்வாகம் தெரிவித்திருந்தது. விரல் தேற எத்தனை வாரம் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது இந்த ஒரு மேட்ச்தான். பையன் அப்பாவிடம் ஃபோனில் இதைச் சொல்லியிருக்கிறான். அப்பா கடையை மச்சானிடம் விட்டுவிட்டு என்னோடு கிளம்பினார்.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு டிபன் டப்பா, அதன் மேல் மடித்த காகிதப் பொட்டலம். திருவாதிரையன்று விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று வாங்கிய மை அது என்றார். "நெத்தியில ஒரு கோடு இழுத்தா போதும் சார். அப்புறம் அவர் பாத்துப்பார்."

அணி தங்கியிருந்த ஓட்டலில் வீட்டு ஆட்களை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். நான் எதிரே டீக்கடையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பையன் இளைத்திருக்கிறானாம். ஆனால் புளியோதரையைக் கண்டதும் அங்கேயே ஒரு வாய் போட்டுக்கொண்டானாம்.

அரங்கில் எங்களுக்கு ஒரு பக்கத்துக் கோலுக்கு நேர் பின்னால் இடம். பையனே என் ஃபோனுக்கு அனுப்பிய டிக்கெட். சூரியன் கூரைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அணிகள் வார்ம்-அப்புக்கு வந்தபோது அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பிறகு உட்கார்ந்து, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"நெத்தியில வச்சா வேர்வையில போயிடும்னு தோணுச்சு சார். ஓட்டல்ல அவன ஒரு ஆளு கூப்ட்டான், அந்தாண்ட போனான். பையில க்ளவுஸ் இருந்துச்சு. உள்ளங்கை ரெண்டுலயும் நல்லா தேச்சு உட்டுட்டேன். பந்து வர்றது அங்கதான?"

கோல்கீப்பரின் கையுறையில் உள்ளங்கைப் பக்கம் மிருதுவான ரப்பர். பந்தை அது கவ்வ வேண்டும். தண்ணீரில் லேசாக நனைத்துக்கொள்வார்கள், வேறெதையும் அண்டவிட மாட்டார்கள். பிசுக்குப் பட்டால் போயிற்று. மையைக் குழைப்பது நெய்யில்.

தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்தேன். பையனின் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் வரும் வழிக்குப் பக்கத்துக் கேட்டில் நின்ற காவலரிடம், கோல்கீப்பருக்கு ஒரே ஒரு சேதி சொல்ல வேண்டும், க்ளவுஸை மாற்றச் சொல்ல வேண்டும் என்றேன்.

"இன்னா சார், கோச்சா நீ?"

"இல்லைங்க, அவங்க ஊர்."

"ஊருக்கு ஒர்த்தன் வந்து சேதி சொல்றதுக்கு இது இன்னா பஸ் ஸ்டாண்டா? போய் சீட்டுல குந்து சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி வந்தேன். களத்தில் பையன் கையுறைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றித் துடைத்தான். கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். மறுபடி துடைத்தான். தெரிந்துகொண்டான், இனி மாற்றிவிடுவான் என்று நினைத்தேன். அவன் மாற்றவில்லை.

முதல் பாதியில் அவன் எதிர்ப்பக்கக் கோலில் நின்றான். வந்த பந்தையெல்லாம் முஷ்டியால் குத்தி வெளியே தள்ளினான். நெஞ்சுக்கு நேராக வந்த சுலபமான பந்தைக்கூடப் பிடிக்கவில்லை, தட்டி விட்டான். எங்கள் பகுதியில் முரசு அடிப்பவர்களும் பாட்டுப் பாடுபவர்களும் கூடும் இடம். வாய்க்குப் பஞ்சம் கிடையாது.

"டேய், வாலிபால் டீமுக்கு போக வேண்டியவன்டா! அட்ரஸ் மாறி வந்துட்டான்!"

"புடிடா தம்பி, கடிக்காது!"

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "ஏன் சார் குத்திகினே இருக்கான்? பிடிக்கலாமில்ல?"

"சில பேர் அப்படித்தான் ஆடுவாங்க."

"டிவியில அப்டி பாத்ததில்லியே."

இடைவேளைவரை கோல் எதுவும் விழவில்லை. ஓய்வறைக்குப் போனவன் வேறு ஜோடியோடு வருவான் என்று காத்திருந்தேன். அதே கருப்பு நிறக் கையுறைகளோடு வந்தான். இப்போது எங்கள் பக்கக் கோலுக்கு வந்து நின்றான். அவ்வளவு அருகில் நான் அவனை அதற்குமுன் பார்த்ததில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தான். அப்பா கை காட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

கோல் விழுந்த விதத்தை விவரிக்க ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து ஒருவன் நம்பிக்கையில்லாமல் அடித்த பந்து. தரையில் ஒரு தரம் குதித்து நேராக அவனிடம் வந்தது. இதைக் குத்த முடியாது, குனிந்து அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ளினான். பந்து இரண்டு கைக்கும் நடுவே வழுக்கி, கால்களுக்கு இடையில் புகுந்து, மெதுவாகக் கோட்டைத் தாண்டி எங்களை நோக்கி உருண்டது. வலையைக்கூட அது சரியாகத் தொடவில்லை.

பிறகு எங்களுக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கையில நெய்ய தடவிக்கினு வந்துக்கிறான்டா டேய்!"

எல்லா மைதானத்திலும் யாரோ ஒருவர் சொல்லக்கூடியதுதான். சுற்றிலும் சிரித்தார்கள். அப்பா சிரித்தவர்களைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நகத்தைச் சுற்றிக் கருப்பு இன்னும் போகாமல் இருந்தது. கையை மெல்ல வேட்டி மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.

"சார்."

"சொல்லுங்க."

"நெய்யி பட்டா வழுக்குமா சார்? அந்த க்ளவுஸு?"

நான் களத்தைப் பார்த்தபடி, பனி இறங்கிவிட்டது, பந்து ஈரமாக இருக்கும் என்றேன். மார்கழி மாலை, பனி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் பந்தைப் பார்க்கவில்லை, மகனின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்தவர்கள் அவன் பெயரைச் சொல்லியும் அம்மாவைச் சொல்லியும் திட்டினார்கள். ஒருவன் எழுந்து, "எந்த ஊர்லேந்துடா புட்ச்சாந்தீங்க இவன?" என்று கத்தினான். எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியும். கடைசியில் இன்னொரு கோலும் விழுந்தது. அதைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது, ஆனாலும் அதையும் அவன் கணக்கில்தான் எழுதுவார்கள்.

ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் ஏறும் இடத்தில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். பையன் ஈரத் தலையோடு வந்தான்.

"சாப்ட்டியாப்பா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"ஆச்சு. என்னாடா ஆச்சு?"

"பனிப்பா. பந்து பூரா ஈரம்."

"சாரும் அதான் சொன்னாரு."

பையன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார், அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஆட வாய்ப்பு வரவில்லை. பயிற்சியாளர் ஒரு பத்தொன்பது வயதுக்காரனைக் கோலில் நிறுத்தினார். பங்குனியில் முதல் கோல்கீப்பரின் விரல் தேறியது. சித்திரையில் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் அணி எங்கள் பையனுக்கு நன்றி தெரிவித்தது. இந்தக் காலத்து அணிகள் அதை இணையத்தில் படம் போட்டுத்தான் தெரிவிக்கின்றன. அந்தப் படத்தின் கீழேயும் நெய்யைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய நாள் நான் அடி அண்ணாமலைக்குப் போனேன். மறுநாள் கூட்டத்துக்காகக் கடையில் இளநீர்க் குலைகள் மலையாகக் கிடந்தன. பையன் வண்டியிலிருந்து குலைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அப்பா சில்லறை மாற்றப் பக்கத்துக் கடைக்குப் போன நேரத்தில் நான் அவனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உன்கிட்ட வேற ஜோடி இல்லியா அன்னிக்கு?"

"இருந்துச்சு சார். புதுசு. பையிலயே இருந்துச்சு."

"அப்புறம்?"

அவன் குலையைக் கீழே வைத்தான். "தொடைச்சு பாத்தேன், போவல. மோந்தா நெய் வாசன, அப்பா கொண்டாந்த பொட்டலம்தான்னு தெரிஞ்சுது. சரி மாத்திடலாம்னு கழட்ட போனேன். அது மலையில எரிஞ்ச மை சார். சாமிக்கு சாத்தினது. கழட்டி கடாசிட்டு போய் நின்னா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். கை வரல."

"கோச் கேக்கலியா?"

"கேட்டாரு. ரெண்டு சீசன் பெஞ்சுல உக்கார வச்சவரு அவரு. அவருகிட்ட போய் தீப மைன்னு எப்படி சார் சொல்றது?" என்றவன், கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "அப்பாவ ஒண்ணும் கேட்டுடாதீங்க. பனின்னு நம்பிகினு இருக்காரு."

அவர் நம்பவில்லை என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவர் விரலை வேட்டிக்குள் மறைத்ததை அவன் பார்த்ததில்லை. சொல்லியிருந்தால் இருவரில் யாருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பா திரும்பி வந்து எனக்கு ஒரு இளநீர் சீவினார். சீவும்போதே கேட்டார்.

"அடுத்த சீசன் எப்ப சார்?"

"இன்னும் அறிவிக்கல."

"வேற டீமுல எடுப்பாங்களா இவன?"

"கேட்டுப் பாக்கணும். கோல்கீப்பருக்கு வயசு ஒண்ணும் ஆயிடல." அது பொய் இல்லை. எந்த அணியும் அவனைக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

"ஆரம்பிச்சா நான் வரல சார்," என்றார் அவர். "கடை இருக்குது. நீங்க போறப்ப இவன வேணா இட்டுகினு போங்க. உக்காந்து பாக்கட்டும்."

பையன் குலையிலிருந்து இன்னொரு காயை அறுத்து அப்பாவின் கையில் கொடுத்தான். அவர் அதையும் சீவ ஆரம்பித்தார்.