பழனியாண்டி கழற்றிக்கொண்டு போன கதவு

பழனியாண்டி எனக்கு மாமன் மகன் முறை. அவன் தகப்பன் கணபதி, என் அம்மாவின் சின்னம்மா மகன். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயம் எரிந்தபோது மாமா ஒரு பானையையும் ஒரு மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு லொறி ஏறி, வடக்கே செட்டிகுளத்துப் பக்கம் வந்து இறங்கினார். வந்த மாரியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவர் வெட்டத் தொடங்கிய காட்டை மீதி வெட்டிக் குடிசை போட்டவன் பழனியாண்டி. அங்கே வைத்துத்தான் ராக்காயியைக் கட்டினான். அவள் பெரியாயி அத்தையின் பேத்தி. அந்த வழியில் பெண்கள் எல்லாரும் நெட்டை. பேச்சில் யாருக்கும் தலை குனியமாட்டார்கள்.

எழுபத்தொன்பது ஆவணியில், எட்டாம் மாதத்திலேயே அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலரை இறாத்தல், இரண்டு கிலோதான். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கும். மருத்துவமாது கமலாட்சி சைக்கிளில் வந்து பார்த்தார். மிஸி என்றுதான் நாங்கள் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் குடுக்கவேணும். எத்தினை தரம் குடிச்சது, எத்தினை தரம் சலம் போனது, சத்தி எடுத்ததோ, எல்லாம் கவனமா வச்சிருங்கோ. ரெண்டு தரம் தொடர்ந்து குடிக்காட்டி உடனே ஆசுப்பத்திரிக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தொரு நாள் கழிந்ததும் ராக்காயி தங்கராசா முதலாளியின் கச்சான்கடலைத் தோட்டத்தில் களை பிடுங்கப் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. விடியற்காலையில் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் வரை பழனியாண்டி சங்கால் பருக்குவான். மத்தியானம் முதலாளியின் டிராக்டர் பெண்களைச் சந்தியில் இறக்கிவிட்டு, வரம்பு கட்ட ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். அவன் கிளம்பி அவள் வந்து சேரும் அந்த அரை மணி நேரம் குழந்தை பக்கத்தில் என் வீட்டில் கிடக்கும். புருஷனும் பெண்சாதியும் சந்தியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதோடு சரி.

"கடைசியா எப்ப குடிச்சுச்சு?" என்று ராக்காயி கத்துவாள். அவன் டிராக்டர் பெட்டியில் நின்றபடி ஏதோ சொல்வான். இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ராத்திரி அதற்காகவே சண்டை வரும். அவன் நாலு தரம் என்பான், அவள் மூன்று என்பாள்.

இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு நாள் பழனியாண்டி அடுப்புக்கரியை எடுத்துக் கதவின் உட்பக்கத்தில் கோடு போட்டான். ஒரு கோடு என்றால் ஒரு தரம் பால். புள்ளி என்றால் சலம், அதாவது மூத்திரம். பெருக்கல் குறி என்றால் சத்தி, அதாவது வாந்தி. மறுநாள் ராக்காயி சுண்ணாம்பைத் தொட்டுத் தன் கோடுகளைப் பக்கத்தில் போட்டாள். கறுப்பு அப்பன், வெள்ளை அம்மா. அதற்குப் பிறகு சண்டை இல்லை. அவள் வந்து கதவைச் சாத்திப் பார்த்தால் போதும், காலையில் நடந்தது முழுவதும் தெரியும்.

கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பின்னால் மாதம் இரண்டு தரம் கிளினிக் நடக்கும். குழந்தையின் ஐம்பதாம் நாள் நானும் என் மகளைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போனேன். தராசு ஐந்து இறாத்தல்தான் காட்டியது. டாக்டர் வேலை பார்க்கப் புதிதாக வந்திருந்த அப்போதிக்கரி ஐயா குழந்தையின் நிறை எழுதும் மட்டையைப் பார்த்தார், ராக்காயியின் காய்ப்புக் கையைப் பார்த்தார்.

"தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள் எல்லாம் இப்பிடித்தான். சீனித்தண்ணியைக் குடுத்துப் பிள்ளையைப் போட்டிட்டுக் கூலிக்குப் போவினம். கடிதம் தாறன். ஆறு மாசம் பிள்ளைகள் இல்லத்தில விடுங்கோ."

ராக்காயி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். எங்கள் வழியில் அப்படிப் போன பிள்ளை திரும்பி வந்ததில்லை. என் ஒன்றுவிட்ட தங்கையின் மகனை மூன்று மாதத்துக்கென்று வாங்கிப்போனார்கள். இன்றுவரை அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது.

"சீனித்தண்ணி குடுத்தத நீங்க பாத்தீங்களா?" என்று ராக்காயி கேட்டாள்.

"பாக்கவேணுமோ? தராசு சொல்லுது."

"எங்க வீட்டுக் கதவும் சொல்லும்" என்றான் பழனியாண்டி. "நான் வார வரைக்கும் கடுதாசி எழுதாதீங்க ஐயா."

இரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் போனான். போய்க் கதவைக் கழற்றி, சைக்கிளில் குறுக்கே கட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். சந்தியில் தங்கராசா முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"என்னடாப்பா, வீடு மாறுறியோ?"

"இல்ல மொதலாளி, சாட்சி கூட்டிட்டுப் போறேன்."

கதவைக் கிளினிக் சுவரில் சாத்தி வைத்தான். பிள்ளைகளோடு வந்த பெண்கள் எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அப்போதிக்கரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இதென்ன கூத்து, வெளியில எடு" என்றார். மிஸி மட்டும் குனிந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். அர்த்தத்தை ராக்காயி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒரு நாளைக்குப் பத்துப் பன்ரெண்டு தரம் குடிச்சிருக்கு ஐயா" என்றார் மிஸி. பிறகு விரலை மறுபடி மேலே கொண்டுபோனார். "பழனியாண்டி, சத்தி எடுத்த குறி எல்லாம் கரிக்கோட்டுக்குப் பக்கத்திலதான் கிடக்குது. வெள்ளைக்குப் பக்கத்தில ஒண்டுமில்லை. எப்பிடிப் பருக்கிறனீங்கள்?"

"தொடையில கெடத்தித்தான், மிஸி."

"பிறகு தோளில போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்கிறதில்லையோ?"

"ஏப்பமா? அது அதா விடும்னு இருந்தேன். சின்னப் புள்ள கக்கத்தானே செய்யும்."

பெண்கள் சிரித்தார்கள். பழனியாண்டி சிரிக்கவில்லை. காலையெல்லாம் தான் பருக்கிய பாலில் பாதி மண்ணுக்குத்தான் போயிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்போதிக்கரி விடவில்லை. "பாத்தியே, பிழை உன்னிலதான். குறியளை அழிச்சுப்போட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. நீயே கொண்டுவந்து காட்டுறாய்."

"ஒங்களுக்காகப் போட்ட குறி இல்ல ஐயா. நான் இல்லாதப்ப புள்ளைக்கு என்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும், அவ இல்லாதப்ப என்னா நடந்துச்சுன்னு அவளுக்குத் தெரியணும். அதுல பொய் போட்டா யார ஏமாத்துறது? பிழை என்னுதுதான், ஒத்துக்குறேன். ஆனா புள்ளையப் போட்டுட்டுப் போனோம்னு மட்டும் எழுத விடமாட்டேன்."

"ரெண்டு கிழமை தாங்கோ ஐயா. நான் பொறுப்பு" என்றார் மிஸி.

கடைசியில் அப்போதிக்கரி கடிதம் எழுதாமல், மட்டையில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டார். மிஸி அங்கேயே பழனியாண்டியை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, பிள்ளையைத் தலை உயர்த்திப் பிடிக்கவும், தோளில் போட்டுத் தட்டவும் பழக்கினார். "ஆம்பிளைக்கு மிஸி பாடம் எடுக்கிறா" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். "வாங்கண்ணே, நீங்களும் பழகிக்கங்க" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

அந்தப் பதினாலு நாளும் நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கதவைப் பார்ப்பேன். கரிப்பக்கத்தில் பெருக்கல் குறி குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாலு நாளில் ஒன்றும் இல்லை.

அடுத்த கிளினிக்கில் ஆறு இறாத்தலுக்குக் கால் இறாத்தல்தான் குறைவு. அப்போதிக்கரி தராசைத் தட்டிப் பார்த்து இரண்டாம் தரமும் நிறுத்தார். மாறவில்லை.

"சரி, கொண்டு போங்கோ" என்றார்.

ராக்காயி நகரவில்லை. "போன வாட்டி என்னா எழுதுனீங்கன்னு மிஸிகிட்டக் கேட்டேன். 'கவனிப்புப் போதாது'ன்னு இருக்காம். அத வெட்டுங்க."

"எழுதினது எழுதினதுதான்."

"அப்ப அதுக்குக் கீழ இன்னைக்கு நிறுவையையும் எழுதுங்க. தாயும் தகப்பனும் பாக்குறாங்கன்னும் எழுதுங்க. மிஸி படிச்சுச் சொல்லட்டும், அப்புறம் போறேன்."

பின்னால் பதினைந்து பெண்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். ஒருத்தியும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவர் எழுதினார். மிஸி சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் ராக்காயி மட்டையை வாங்கி மடியில் செருகினாள். பழனியாண்டி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.